தோலுக்கு நாதி உண்டு, ஆட்டுக்கு?

'கமிஷன்' என்றால் நம்மூர் ஆட்டுச் சந்தையில் ஒரே அர்த்தம்தான். தரகர் காசு. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடித்தபின் கைமாறுகிற பணம். அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்தில் இதே சொல்லுக்கு வேறு பொருள். அங்கே சட்டப்படி ஒரு செம்மறி ஆணையம் இருக்கிறது. ஆடு வளர்ப்பவர்களிடம் இவ்வளவு என்று கட்டாயமாக வசூலித்து, ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் செலவழிப்பது அதன் வேலை. அதாவது அதிகாரம் என்பது வசூல். கடமை என்பது வசூலித்ததை ஆடு வளர்ப்பவருக்கே திருப்பிச் செலவழிப்பது.

நம் நாட்டில் இப்படி ஒன்று ஏன் முளைக்கவில்லை என்று பார்க்கப் போனால், கதை நம்ம குரோம்பேட்டை வழியாகத்தான் போகிறது. மேடவாக்கத்திலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம்!

ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்று ஓர் ஆங்கிலேயர் சென்னை மாகாணத்தில் இருந்தார். தொழில்களை அரசாங்கமே முன்னின்று வளர்க்க வேண்டும் என்று நம்பியவர். அப்போது இங்கே தோலை ஆவாரம்பட்டை போட்டுத்தான் பதப்படுத்துவார்கள். அப்படி அரைகுறையாகப் பதனிட்ட தோல்தான் கப்பல் ஏறி இங்கிலாந்து போனது. சாட்டர்டன் அரசுச் செலவில் குரோம் உப்பை வைத்துப் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். கிணற்றில் கவலை இறைக்கும் தோல்பைக்கு குரோம் தோல் நன்றாக உழைத்தது. 1908-ல் மாகாணத்துக்கென்று தனியாகத் தொழில்துறையே உண்டாகி, அவர் அதன் இயக்குநரும் ஆனார்.

ஐரோப்பிய வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. சர்க்கார் எப்படிக் கடை விரிக்கலாம் என்று கேட்டார்கள். 1910-ல் இந்தியா மந்திரி மார்லி பிரபு லண்டனிலிருந்து ஓர் உத்தரவு அனுப்பினார். அரசாங்கம் தொழிற்கல்வி கொடுக்கலாம், தானே தொழில் நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். அரசின் தோல் தொழிற்சாலை கைமாறியது. 1912-ல் ஜி.ஏ. சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்தை ஒட்டி குரோம் லெதர் கம்பெனியை ஆரம்பித்தார். அந்தக் கம்பெனியின் பெயர்தான் குரோம்பேட்டை. (ஸ்டேஷன் பலகையைத் தினமும் பார்க்கிறோம், அதில் ஒரு ரசாயனப் பொருள் ஒளிந்திருப்பதை யார் கவனிக்கிறார்கள்!)

இந்த மார்லி உத்தரவை நம் பாடப்புத்தகங்கள் சுதேசித் தொழிலுக்கு விழுந்த அடியாகத்தான் சொல்லும். சரிதான். ஆனால் எனக்குப் பட்டது வேறு. இந்தச் சண்டை முழுவதிலும் அரசாங்கம், ஆலை முதலாளி, ஏற்றுமதி வியாபாரி என்று எல்லோரும் பேசுகிறார்கள். அந்தத் தோலை நான்கு காலோடு மேய்த்த ஆள் எங்கேயும் வாய் திறக்கவில்லை.

அடுத்து வந்ததும் அப்படியே. 1919-ல் கச்சாத் தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீதம் தீர்வை போட்டார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் போகிற தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. உள்ளூரில் பதனிடும் தொழிலைக் காப்பாற்ற என்று காரணம் சொன்னார்கள். 1923-ல் அது 5 சதவீதமாக இறங்கியது. ஏற்றுமதித் தீர்வை என்றால் என்ன நடக்கும்? வெளிநாட்டுக்காரன் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி இங்கே பிடிக்கப்படும், வியாபாரி அதை ஈடுகட்ட, தோலை வாங்கும் இடத்தில் விலையைக் குறைப்பான். கசாப்புக் கடைக்காரர் ஆட்டை வாங்கும்போதே தோல் என்ன போகும் என்று கணக்குப் போட்டுத்தான் விலை சொல்வார். ஆகக் கடைசியில் சுமை வந்து இறங்குவது பட்டியில்தான்.

பருத்திக்கு 1923-லும் அரக்குக்கு 1930-லும் செஸ் சட்டங்கள் வந்தன. ஒரு சிறு தொகையைப் பிடித்து, அந்தப் பயிர், அந்தப் பொருளுக்கே ஒரு கமிட்டி மூலம் செலவு செய்வது என்பது ஏற்பாடு. தோலுக்கும் அப்படிச் செய்யலாமா என்று 1930 வாக்கில் ஒரு விசாரணைக் கமிட்டியே உட்கார்ந்தது. தனிச் சட்டம் பிறக்கவில்லை. காபிக்கு 1942-லும் ரப்பருக்கு 1947-லும் தேயிலைக்கு 1953-லும் சட்டம் வந்து வாரியங்கள் அமைந்தன. கவனித்தால் இவை எல்லாம் தோட்ட முதலாளிகள் உள்ள பொருள்கள். கையெழுத்துப் போட்டு மனுக் கொடுக்க ஆள் இருந்தது.

செம்மறிக்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. 1940-ல் விவசாய விளைபொருள் செஸ் சட்டம் வந்தது. ஏற்றுமதி மதிப்பில் அரை சதவீதம் பிடித்து விவசாய ஆராய்ச்சிக் கழகத்துக்குக் கொடுப்பதற்கான சட்டம். அதன் பட்டியலில் கச்சாத் தோலும் கச்சாக் கம்பளியும் உண்டு. ஆக ஆடு மேய்ப்பவர் தமக்குத் தெரியாமலே சந்தா கட்டினார், கோதுமை, புகையிலை, மீன் எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரே உண்டியலில்! அதை எப்படிச் செலவழிப்பது என்பதில் அவருக்குச் சொல் இல்லை. 1973-ல் கச்சாத் தோல் ஏற்றுமதியே தடை செய்யப்பட்டது, அந்த வழியும் அடைபட்டது. 2006-ல் சட்டமே ரத்தானது.

இதற்கிடையில் தோல் பக்கம் நிறுவனங்கள் வந்துகொண்டே இருந்தன. 1948-ல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். 1984-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தோல் ஏற்றுமதிக் கழகம். கம்பளிக்கு 1987-ல் ஜோத்பூரில் மத்திய கம்பளி மேம்பாட்டு வாரியம். பெயர்தான் வாரியம், சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பு அது. செஸ் வசூலிக்கும் அதிகாரம் கிடையாது. தவிர நம் ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் காணும் 'மெட்ராஸ் சிவப்பு' ஆட்டுக்கு உடம்பில் கம்பளி இல்லை, முடிதான். சேலத்து மேச்சேரி ஆடும் அப்படித்தான். மேச்சேரிக்குப் பெயர் வாங்கித் தந்தது அதன் தோல்.

நம் ஆட்டுக்கு எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். மேச்சேரி ஆட்டுக்காக 1978-ல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் வந்தது. மெட்ராஸ் சிவப்புக்கு, தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் போனால் வரும் காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையம். கிராமத்து மந்தைகளிலேயே குட்டிகளை எடை போட்டு, நல்ல கிடாவைப் பொறுக்கி, அதே மந்தைகளுக்குக் கொடுத்து இனத்தை உயர்த்தும் திட்டம் அங்கிருந்து நடக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். மந்தை விவசாயியிடமே இருக்கும், விஞ்ஞானி தராசோடு போவார்.

ஆனால் ஆராய்ச்சி நிலையத்தால் ஆணையத்தின் வேலையைச் செய்ய முடியாது. நீலநாக்கு நோய் இதற்கு நல்ல உதாரணம். கொசுவைவிடச் சின்னதான ஒரு கடிபூச்சி பரப்புவது. வாய் வீங்கி, கால் நொண்டி, ஆடு மேயாமல் கிடந்து சாகும். 1997-98-ல் தென்னிந்தியா முழுக்க மந்தை மந்தையாகத் தாக்கியது. இந்த வைரஸில் வகைகள் பல, ஒன்றுக்குப் போடும் ஊசி இன்னொன்றுக்குப் பலிக்காது. பல வகைக்கும் சேர்த்து நம் நாட்டிலேயே தயாரித்த தடுப்பூசி 2015-ல்தான் விற்பனைக்கு வந்தது. பதினேழு வருடம்! மாடாக இருந்தால் பால் சங்கங்கள் சும்மா இருந்திருக்குமா? கோழிக்கு 1982-லேயே முட்டை ஒருங்கிணைப்புக் குழு அமைந்துவிட்டது. அரசாங்கம் சொல்லி அமைந்ததல்ல, பண்ணைக்காரர்களே விலை சொல்லவும் விளம்பரம் செய்யவும் கூடிக்கொண்டது. பண்ணை ஓரிடத்தில் நிற்கும். கிடை நிற்காது. அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக இன்று இங்கே, அடுத்த வாரம் இன்னொரு தாலுக்காவில். கூட்டம் போட்டால் யார் வருவது?

கட்டாய வசூல் நல்லதா என்றால், அமெரிக்காவிலேயே அடிதடிதான். 1954-ல் வந்த கம்பளிச் சட்டம் அரசு மானியத்திலிருந்து கொஞ்சம் பிடித்து விளம்பரத்துக்குக் கொடுக்க வழி செய்தது. 1990-களின் நடுவில் அந்த மானியம் நின்றது. பதிலுக்கு நாடு முழுவதும் நேரடி வசூல் வைக்கலாமா என்று 1996-ல் ஆடு வளர்ப்பவர்களிடமே ஓட்டெடுத்தார்கள். முதல் ஓட்டு செல்லாது என்று ஆகி, இரண்டாவதில் தோற்றது. பிறகு 2002-ல் இறைச்சிக்கு மட்டும் ஒரு வாரியம் வந்தது. அப்போது வளர்ப்பவரிடம் பவுண்டுக்கு அரை சென்ட், வெட்டும் கம்பெனியிடம் தலைக்கு 30 சென்ட் என்று வசூலித்தார்கள். அதிலும் எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது ஓட்டுதான். வேண்டாம் என்று சொல்ல ஒரு பெட்டி வைத்தார்களே!

நம் பக்கம் வழி வேறு. 2011-ல் தமிழக அரசு ஏழை கிராமத்துக் குடும்பங்களுக்குத் தலா நான்கு ஆடுகள் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கியது. 2017-ல் தெலங்கானா ஒரு படி மேலே போய், இருபது பெட்டை ஒரு கிடா என்று 75 சதவீத மானியத்தில் கொடுத்தது. ஆடு கிடைத்தது. மேய்க்கிற இடம்? வருவாய்த்துறைக் கணக்கில் 'மேய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு வகை இன்னும் எழுதியிருக்கிறது. தாம்பரம்-வேளச்சேரி சாலையில் நின்றுகொண்டு அதைத் தேடிப் பாருங்கள் :-)

2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் செம்மறிகள் சுமார் 45 லட்சம். 2012-ல் 48 லட்சத்தை ஒட்டி இருந்தன. அதே ஏழு வருடத்தில் நாடு முழுவதிலும் செம்மறி எண்ணிக்கை கூடியிருக்கிறது.