வாடகைக் கடைச் சீரமைப்பு மதிப்பீடு

வாடகைக் கடைச் சீரமைப்பு மதிப்பீடு என்பது, கடையிடம் ஒன்றுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அதைத் தொழிலுக்கு ஏற்றபடி மாற்ற எவ்வளவு ஆகும் எனக் கணக்கிடுவது. வாடகை குறைவான இடம் உண்மையில் மலிவானதா என்பது இந்தக் கணக்கில் தெரியும்.

நாமக்கல் சூழல்

சேலத்திலிருந்து பிரிந்து 1997இல் தனி மாவட்டமான நாமக்கல், 2024இல் மாநகராட்சி ஆனது. முட்டை வணிகமும் லாரி பாடி கட்டும் பட்டறைகளும் ஊரின் அடையாளம். தொழிலைப் பொறுத்தே செலவும் அமையும். லாரி உதிரிபாகக் கடைக்குக் கனம் தாங்கும் தரையும் இரும்பு ரேக்கும் வேண்டும். பேக்கரிக்கு மும்முனை மின்சாரமும் புகைபோக்கியும் கழிவுநீர்க் குழாயும் வேண்டும். ஜவுளிக்கடையில் பெருஞ்செலவு விளக்குகளுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் போகும்.

அளவிடும் முறை

டைல்ஸ், பெயின்ட் வேலைகள் சதுர அடிக் கணக்கிலும், ஒயரிங் பாயிண்ட் கணக்கிலும், இரும்பு வேலை பெரும்பாலும் கிலோ கணக்கிலும் பேசப்படும். கொட்டேஷனில் உள்ள தொகை கூலி மட்டுமா, பொருளும் சேர்த்தா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். கூரைக் கசிவு, சுவர் ஓதம், ஏசி போட்டால் கூடும் மின்பளு ஆகியவை பார்வைக்குத் தப்புபவை. இவற்றுக்காக மொத்தத்தில் 10 விழுக்காடு ஒதுக்கிவைப்பது வழக்கம்.

யார் பொறுப்பு

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2017, கடைகளுக்கும் பொருந்தும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கட்டட அமைப்புப் பழுதும் தேவையான ஒயரிங் பராமரிப்பும் உரிமையாளர் பொறுப்பு. சுவிட்ச், குழாய் வாஷர் போன்ற சில்லறைப் பழுது வாடகைதாரர் பொறுப்பு. முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதற்கும் ஒப்பந்தத்தில் விலக்கு உண்டு. ஆகவே எதையும் எழுத்தில் வாங்குவதே பாதுகாப்பு.

ஒப்பந்தக் காலம்

சீரமைப்புச் செலவை ஒப்பந்த மாதங்களால் வகுத்து வாடகையோடு கூட்டினால் உண்மையான வாடகை கிடைக்கும். 3 லட்சம் ரூபாய் செலவானால், 36 மாத ஒப்பந்தத்தில் மாதம் 8,333 ரூபாய் கூடும். வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தில் 27,273 ரூபாய் கூடும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது கட்டாயம்.

காலி செய்யும்போது

ரேக், விளக்கு, ஏசி, பெயர்ப்பலகை ஆகியவை கூடவே வரும்; டைல்ஸும் பூச்சும் அங்கேயே தங்கிவிடும். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, வாடகைதாரர் தாம் பொருத்தியவற்றைக் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் இடத்தைப் பெற்ற நிலையிலேயே விட வேண்டும். கழற்றும் கூலியும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவும் மதிப்பீட்டின் கடைசி வரிகள்.