நாடிக்கு ஒரு கவசம்

போன வருஷம் மழை விட்ட ஒரு சனிக்கிழமை. ஹந்தானையிலிருந்து இறங்கும்போது என் கூட்டாளி சைக்கிளோடு விழுந்தான். பெரிய வேகம் ஒன்றும் இல்லை. தேயிலைக்குள்ளால் வரும் பழைய தோட்டத்து ரோட்டில், மழை அரித்த கானுக்குள் முன் சில்லு இறங்கிவிட்டது. ஆள் ஹேண்டிலுக்கு மேலால் போய் முகம் குப்புற விழுந்தான். தலையில் ஹெல்மட் இருந்தது. எல்லாரும் போடுகிற சாதாரண சைக்கிள் ஹெல்மட்தான். விழுந்த பிறகு எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு கீறல்கூட இல்லை. நாடியில் மட்டும் ஏழு தையல், முன்பல் ஒன்றில் பாதியைக் காணோம்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது வாயைத் திறக்க முடியாமல் போனில் எழுதிக் காட்டினான்: "ஹெல்மட் போட்டும் ஏன்டா?"

அந்தக் கேள்வியோடுதான் நானும் ஹெல்மட் தேடத் தொடங்கினேன். நாடியையும் மூடுகிற, ஆனால் ஹந்தானை ஏற்றத்தில் மூச்சு முட்டவைக்காத ஒன்று வேண்டும். மற்றவர்கள் இதற்கு விலைப்பட்டியலைப் பார்ப்பார்கள். வரலாறு படிக்கிற எனக்குப் பழக்கதோஷம், முதலில் வருஷங்களைப் பார்த்தேன். அதில் ஒன்று தெரிந்தது. ஹெல்மட்டின் கதை முழுக்க மனிதர்கள் எதைச் சுமக்கச் சம்மதித்தார்கள் என்ற கதைதான். அந்தக் கதைக்கு எங்கள் நாட்டில் தனியாக ஒரு அத்தியாயம் இருக்கிறது.

1935 மே 13இல் இருந்து ஆரம்பிக்கலாம். 'அரேபியாவின் லோரன்ஸ்' என்று பேர்பெற்ற டி. ஈ. லோரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்களில் மோதாமல் தவிர்க்கப் போய் விழுந்தார். தலையில் கவசம் எதுவும் இல்லை. நினைவு திரும்பாமலே ஆறு நாளில் இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். இரண்டாம் உலகப் போர் வந்தபோது கடிதம் கொண்டு ஓடுகிற இராணுவ மோட்டார் சைக்கிள்காரர்கள் எதிரியின் குண்டு இல்லாமலே செத்துக்கொண்டிருந்தார்கள். கேர்ன்ஸ் அந்த மரணங்களை ஆராய்ந்து, ஹெல்மட் போட்டால் என்ன வித்தியாசம் என்று 1941இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அதே வருஷம் நவம்பரில் இராணுவம் தன் ஓட்டுநர்களுக்கு ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியப் பொதுமக்களுக்கு அது சட்டமாக வந்தது 1973இல். லோரன்ஸ் விழுந்து 38 வருஷம் கழித்து!

அந்தக் கால ஹெல்மட்டுக்குள் தோலும் தக்கையும்தான் இருந்தன. இன்றைய ஹெல்மட்டின் உண்மையான கண்டுபிடிப்பு வெளி ஓட்டில் இல்லை, உள்ளே இருக்கும் நுரையில். 1953இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் லொம்பார்ட்டும் அவருடைய சகாக்களும் அடியை வாங்கித் தானே நசுங்கிப்போகும் உட்பக்கம் கொண்ட ஒரு ஹெல்மட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். விஷயம் லேசானது. தலை ஓடிவந்து கல்லில் சட்டென்று நின்றால் மூளை மண்டையோட்டுக்குள் மோதும். நுரை நசுங்க நசுங்கத் தலை நிற்பதற்கு இன்னும் கொஞ்சம் தூரமும், ஒரு நொடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமும் கிடைக்கும். உயிர் தங்குவது அந்தச் சின்ன இடைவெளியில்தான். புது டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை ரெஜிபோமின் உறவுக்காரன்தான் இந்த நுரை. நசுங்கியது திரும்ப எழும்பாது. அதனால் ஒருமுறை நன்றாக அடிபட்ட ஹெல்மட், வெளியே பளபள என்று இருந்தாலும், செத்த ஹெல்மட்.

இதெல்லாம் மண்டைக்கு. நாடிக்கு? 1960களின் கடைசியில் அமெரிக்காவின் பெல் கம்பெனி முகத்தையும் சுற்றி மூடும் ஹெல்மட்டைக் கொண்டுவந்தது. 1968இல் காரோட்டி டான் கர்னி அதைப் போட்டுக்கொண்டு பெரிய பந்தயங்களில் இறங்கியபோது உலகம் அதைக் கவனித்தது. பிறகு ஜெர்மனியில் டீட்மார் ஓட்டே என்ற ஆய்வாளர், விபத்தில் சிக்கிய மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டுகளில் எங்கெங்கே அடி விழுந்திருக்கிறது என்று வரைபடம் போட்டுப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாடியைச் சுற்றித்தான். என் கூட்டாளியின் போன் கேள்விக்கு அந்தப் படம் ஒரு பதில். மனிதன் முன்னால் பார்த்துக்கொண்டு போகிறான், அதனால் முன்னால்தான் விழுகிறான்.

இனி மலைக்கு வருவோம். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மெரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய பாரச் சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டுபோய், இரண்டு மைல் தூரத்தில் ஏறத்தாழ 1300 அடி இறங்கும் மண்பாதையில் பந்தயம் விட்டார்கள். அதன் பெயர் 'ரிபேக்'. ஒருமுறை இறங்கினாலே பின்சில்லு பிரேக்கின் கிறீஸ் எரிந்து புகையாகிவிடும், திரும்பக் கிறீஸ் அடைக்க வேண்டும். அதனால் வந்த பெயர். கடுகண்ணாவை இறக்கத்தில் லொறி பிரேக் மணக்கிறதை அறிந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நுரை வைத்த சைக்கிள் ஹெல்மட்டை பெல் 1975இலேயே விற்கத் தொடங்கியிருந்தாலும், அந்தப் பையன்களில் அநேகம் பேர் வெறுந்தலையோடுதான் இறங்கினார்கள். 1990இல் மலைச் சைக்கிளுக்கு முதல் அதிகாரபூர்வ உலகச் சம்பியன்ஷிப் போட்டிகள் கொலராடோவில் நடந்தபோது இறக்கப் பந்தயம் தனி விளையாட்டாகவே ஆகிவிட்டது. அந்தப் பந்தயக்காரர்கள் மோட்டார் சைக்கிள்காரர்களிடமிருந்து முழு முக ஹெல்மட்டைக் கடன் வாங்கினார்கள்.

கடனோடு எடையும் வந்தது. மோட்டார் சைக்கிள் முழு முக ஹெல்மட் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இறக்கப் பந்தயத்துக்கென்று செய்தது ஒரு கிலோவைச் சுற்றி. மலையுச்சிவரை வாகனத்தில் போய், இறங்க மட்டும் செய்கிறவருக்கு அது பரவாயில்லை. ஹந்தானையில் எங்களுக்கு யார் வாகனம் தருவார்கள்? கண்டி நகரமே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர். ஹந்தானை சிகரங்கள் 1100 மீட்டரைத் தாண்டும். 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கும் நூதனசாலையைக் கடந்து மேலே போகும்போதே வேர்வை கண்ணுக்குள் இறங்கும். ஏறும்போது கனமான ஹெல்மட்டைக் கழற்றி ஹேண்டிலில் தொங்கவிடுவோம். பிறகு ஒருநாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவோம். விழுவது அன்றைக்குத்தான்.

கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் ஹெல்மட் செய்கிறவர்கள் விடை தேடியது இந்தப் பிரச்சினைக்குத்தான். ஒரு வழி, நாடிப் பகுதியைக் கழற்றிப் பூட்டலாம். ஏறும்போது பையில், இறங்கும்போது முகத்தில். இன்னொரு வழி, முழு ஹெல்மட்டையே ஓட்டை ஓட்டையாக, காற்றோட்டமாக, லேசாகச் செய்வது. 2017இல் வந்த ஃபொக்ஸ் புரோஃப்ரேம் ஏறத்தாழ 750 கிராம். 2019இல் வந்த ட்ரோய் லீ ஸ்டேஜ் 700 கிராமுக்கும் கீழே. இரண்டுமே இறக்கப் பந்தயத்துக்கான அமெரிக்கத் தரச் சோதனையில் தேறியவை.

இவ்வளவும் உலகக் கதை. எங்கள் அத்தியாயம் வேறு மாதிரி. இங்கே முகத்தை மூடுவது ஒரு அரசியல் விஷயம்.

2015 மார்ச்சில் இலங்கைப் பொலிஸ், முகத்தை முழுதாக மூடும் ஹெல்மட்டோடு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தடை என்று அறிவித்தது. ஹெல்மட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு கொள்ளையடிக்கிறார்கள், கொலை செய்கிறார்கள் என்பது காரணம். ஓட்டுநர்கள் கொதித்துப் போனார்கள். விழுந்தால் எங்கள் நாடிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். விஷயம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய், ஏப்ரலில் தடைக்கு இடைக்கால உத்தரவு மூலம் தடை விழுந்தது.

பொலிஸ் சொன்ன பயத்தை வெறும் சாட்டு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. 2009 ஜனவரி 8இல் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவைக் கொன்றவர்கள் மோட்டார் சைக்கிள்களில்தான் வந்தார்கள். அதற்கும் முன்னால், சுற்றிவளைப்புகளில் சாக்கால் முகத்தை மூடிக்கொண்டு நின்று ஆட்களைக் காட்டிக்கொடுத்த 'தலையாட்டி'யைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ் வீடு குறைவு. மூடிய முகத்தைக் கண்டால் பயப்பட எங்கள் ஆட்களுக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் "நீ யார், முகத்தைக் காட்டு" என்ற கேள்வி எல்லாரிடமும் ஒரே அளவில் கேட்கப்படுவதில்லை. யுத்த காலத்தில் எங்கள் மாமா அடையாள அட்டை இல்லாமல் கண்டி டவுனுக்குக் கால் வைக்கவே மாட்டாராம். தேத்தண்ணிக் கடைக்குப் போனாலும் சட்டைப் பையில் அட்டை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடத் தடை வந்தபோது, அதன் பாரம் விழுந்தது முஸ்லிம் பெண்கள் மேல். வைத்தியர் உன் நாடி தப்புமா என்று கேட்கிறார். பொலிஸ்காரர் உன் முகம் தெரியுமா என்று கேட்கிறார். எங்கள் ஊரில் ஹெல்மட் வாங்குகிறவர் இரண்டு பேருக்கும் பதில் சொல்லவேண்டி இருக்கிறது.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. 2022இல் பெற்றோல் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டபோது சைக்கிளுக்கு மாறிய ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். கூட்டாளி விழுந்த பிறகு, காசு சேரும்வரை அண்ணனுடைய மோட்டார் சைக்கிள் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்து ரோட்டில் இறங்கினேன், கறுப்புக் கண்ணாடியோடு. வளைவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒருத்தர் பக்கத்தில் நின்ற பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். நான் நின்று ஹெல்மட்டைக் கழற்றினேன்.

"அட, நம்ம பிள்ளையா! யாரோன்னு பயந்துட்டோம்."

அன்றைக்கு எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாங்கள் 'ட்ரெய்ல்' என்று ஸ்டைலாகச் சொல்கிற பாதை அவர்கள் வேலைக்குப் போகிற பாதை. அதை வெட்டியதும் அவர்களுடைய முன்னோர்தான், எங்களுடைய முன்னோர்தான். என் அப்பாயி கொழுந்துக் கூடையின் கயிற்றை உச்சந்தலையில் மாட்டிக்கொண்டு இதே மாதிரிச் சரிவில் காலமெல்லாம் ஏறி இறங்கினவ. தலையில் சுமக்கிற எடையைப் பற்றி அவவிடம் யாரும் கேட்கவில்லை. பேரன் நான் கிராம் கணக்குப் பார்க்கிறேன்.

கடைசியில் எப்படித் தெரிவு செய்தேன் என்று கேட்கிறவர்களுக்கு:

முதலில் உள்ளே ஒட்டியிருக்கும் தரச் சீட்டைப் படியுங்கள். ஐரோப்பாவின் ஈ.என். 1078 சோதனை மண்டைப் பகுதிக்கு மட்டும்தான், நாடிக் கம்பியை அது சோதிப்பதே இல்லை. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 1952 நாடியையும் சேர்த்துச் சோதிக்கிறது. கழற்றிப் பூட்டும் வகையில் இது ரொம்ப முக்கியம். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் ஒன்றின் நாடிக் கம்பி சும்மா அலங்காரமாகவும் இருக்கலாம்.

அடுத்தது அளவு. புருவத்துக்கு மேலால் டேப் பிடித்துத் தலையின் சுற்றளவை எடுங்கள். ஹெல்மட்டைப் போட்டு வாரைப் பூட்டாமல் தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் கூடவே அசைய வேண்டும். ஹெல்மட் தனியாக ஆடினால் அது உங்களுடையது இல்லை. எடை 700க்கும் 850க்கும் இடையில் இருந்தால் எங்கள் மலைக்குப் போதும். அதற்குக் கீழே ஒவ்வொரு ஐம்பது கிராமுக்கும் கொடுக்கிற காசில் நல்ல பிரேக் கட்டை வாங்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கவே வேண்டாம். யார் எப்படி விழுந்தார்கள் என்று அந்த நுரைக்கு மட்டும்தான் தெரியும். மோட்டார் சைக்கிளுக்கு இதைப் போடவும் கூடாது. அதற்கு எஸ்.எல்.எஸ். முத்திரை பதித்த தனி ஹெல்மட் இருக்கிறது.

நான் எடுத்தது காற்றோட்டமான, கறுப்புக் கண்ணாடி இல்லாத ஒன்று. நாடியைச் சுற்றிக் கம்பி வந்தாலும் கண்ணும் மூக்கும் சிரிப்பும் வெளியே தெரியும். டியூஷன் காசில் ஆறு மாதம் சேர்த்தேன். ஏறும்போதும் கழற்றுவதில்லை. என் கூட்டாளியும் பல்லைக் கட்டிவிட்டான், இப்போது என் ஹெல்மட்டை மாறி மாறிப் போடலாம் என்கிறான். அவன் தலை என்னுடையதைவிடப் பெரிசு, சரிவராது. அவனுக்கும் ஒன்று பார்க்க வேண்டும்.

போன கிழமை அதே வளைவில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தேன். அந்த அக்கா தூரத்திலேயே கண்டுகொண்டார்.

"தம்பி, பாத்துப் போ. கீழ கானு உடைஞ்சிருக்கு."