முகப்பேர் செஸ் அணி: ஐந்து நாற்காலிக்கு எத்தனை பேர்?

அணித் தேர்வைப் பற்றி மணிக்கணக்கில் வாக்குவாதம் செய்வது கிரிக்கெட் ரசிகர்கள் மட்டும்தான் என்று நினைப்பவர்கள், சென்னையில் நடக்கும் ஒரு சிறுவர் செஸ் போட்டிக்குப் போயிருக்க மாட்டார்கள். உள்ளே பிள்ளைகள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காமல் ஆடிக்கொண்டிருப்பார்கள். வெளியே வராந்தாவில் அவர்களுடைய அப்பா அம்மாக்கள் தண்ணீர் பாட்டிலையும் டிபன் டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு பேசும் பேச்சு இருக்கிறதே... எந்தப் பள்ளிக்கு இந்த வருஷம் முதல் போர்டு யார், யாருக்கு ரேட்டிங் எத்தனை ஏறியது, எந்தப் பையன் எந்தப் பள்ளிக்கு மாறப்போகிறான், அங்கே ஃபீஸ் உண்டா இல்லையா என்று எல்லாம் அங்கே அலசப்படும். அந்தப் பேச்சில் பல வருஷமாகத் தவறாமல் வரும் பெயர் வேலம்மாள். அம்பத்தூருக்கும் அண்ணா நகருக்கும் நடுவே முகப்பேரில் இருக்கும் பள்ளி.

ஒரு பள்ளியில் இத்தனை பேர் எப்படிச் சேர்ந்தார்கள்? சேர்ந்தவர்களில் யாருக்கு நாற்காலி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? இந்த இரண்டு கேள்விகளின் வரலாறு கொஞ்சம் சுவாரசியமானது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். செஸ் தனி ஆள் ஆட்டம், அதில் அணி எங்கே வந்தது என்று பலர் கேட்பார்கள். அணிப் போட்டிகளில் பொதுவாக நான்கு போர்டுகள். ஒரே நேரத்தில் நான்கு பேர் எதிரணியின் நான்கு பேருடன் ஆடுவார்கள். வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரை. இரண்டரை எடுத்தால் அந்தச் சுற்று நமக்கு. ஐந்தாவதாக ஒரு ரிசர்வ் ஆள் உண்டு. யார் எந்த வரிசை என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நடுவில் மாற்ற முடியாது. ஒருவருக்கு ஓய்வு கொடுத்தால் கீழே இருப்பவர்கள் ஒரு படி மேலே நகர்வார்கள், ரிசர்வ் ஆள் கடைசி போர்டில் உட்காருவார்.

இதனால் என்ன ஆகும்? முதல் போர்டில் பலமான ஆள் எல்லா அணியிலும் இருப்பார். அங்கே பெரும்பாலும் டிராதான். ஆட்டம் முடிவாவது மூன்றாவது, நான்காவது போர்டில். அதாவது ஒரு அணியின் பலத்தை அதன் நட்சத்திரத்தை வைத்து அளக்கக் கூடாது, வரிசையின் கடைசியில் உட்காரும் பிள்ளையை வைத்து அளக்க வேண்டும். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு இது நன்றாகவே தெரியும்!

இனி இடத்துக்கு வருவோம். முகப்பேர் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் இருந்த கிராமம். ஒரு பக்கம் 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது, பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் ஆலைகள் வந்தன. பின்னால் வீட்டுவசதி வாரியம் 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்று மனைகளைப் பிரித்தது. ஆலை வேலை, வங்கி வேலை, அரசு வேலை என்று மாதச் சம்பளக் குடும்பங்கள் குடியேறின. பிள்ளைகளின் படிப்புதான் இந்தக் குடும்பங்களின் ஒரே முதலீடு. 1986-ல் தொடங்கிய வேலம்மாள் கல்வி அறக்கட்டளை இந்த மண்ணில்தான் வளர்ந்தது. நூற்றுக்கு நூறு, மாநில ரேங்க் என்று விளம்பரம் செய்த நிறுவனங்களின் காலம் அது. அப்படிப்பட்ட ஒரு நிறுவனம், பிள்ளைகள் வகுப்புக்கே வராமல் ஊர் ஊராகச் சுற்ற வேண்டிய ஒரு விளையாட்டைக் கையில் எடுத்தது என்பதுதான் இந்தக் கதையில் முதல் ஆச்சரியம்.

அதற்கு முன்னால் சென்னையில் செஸ் எங்கே இருந்தது? நகரத்தின் நடுவில். இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் மானுவல் ஆரோன் 1961-ல் அந்தப் பட்டம் பெற்றார். 1972-ல் சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய டால் செஸ் கிளப்பில்தான் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடினார். அவர் படித்தது எழும்பூர் டான் பாஸ்கோ, பிறகு லயோலா கல்லூரி. 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்தத் தலைமுறையில் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்து அணி சேர்த்தவை வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும்தான். ஆள் முழுதாகத் தேறிய பிறகுதான் வேலை கிடைக்கும். கல்லூரிகளும் அப்படித்தான், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது கையில் சர்டிபிகேட் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சீட்.

வேலம்மாள் செய்தது வேறு. எட்டு வயதிலேயே எடுத்தது. கட்டணத்தில் சலுகை கொடுத்தது, வருகைப் பதிவில் கண்டிப்பைத் தளர்த்தியது.

யார் யார் வந்தார்கள் என்று பார்த்தால் முகப்பேருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள் மட்டுமல்ல. அரவிந்த் சிதம்பரம் மதுரை திருநகர்க்காரர். மூன்று வயதிலேயே அப்பாவை இழந்தவர், அம்மா எல்.ஐ.சி. முகவராக வேலை பார்த்து வளர்த்தார். கார்த்திகேயன் முரளி தஞ்சாவூர். பிரக்ஞானந்தாவும் அக்கா வைஷாலியும் பக்கத்திலேயே, பாடி. அவர்களுடைய அப்பா கூட்டுறவு வங்கி அதிகாரி. டி.வி.யில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்க வைஷாலியை செஸ் வகுப்பில் சேர்த்தார்கள், தம்பி பின்னாலேயே போனான் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. குகேஷ் படித்தது மேல் அயனம்பாக்கம் வேலம்மாள் வித்யாலயா. திருவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் பூந்தமல்லி, இந்தப் பக்கம் அம்பத்தூர் என்று வைத்துக்கொண்டால் நடுவில் வரும் இடம். பள்ளியில் செஸ் சொல்லிக்கொடுத்த பாஸ்கர்தான் அவருடைய திறமையை முதலில் கவனித்தவர்.

2013-ம் ஆண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த வருஷம் 14 வயது அரவிந்த், கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய சென்னை சர்வதேச ஓபன் போட்டியில் முதலிடம் பிடித்தார். டிசம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்னில் நடந்த உலக இளையோர் போட்டியில் கார்த்திகேயன் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் சாம்பியன். அதே போட்டியில் 8 வயதுக்குட்பட்டோர் பிரிவில் சாம்பியன் பிரக்ஞானந்தா! வைஷாலி அதற்கு முந்தைய வருஷமே 12 வயதுக்குட்பட்ட சிறுமியர் பிரிவில் உலக சாம்பியன். சேதுராமன் 20 வயதில் ஏற்கெனவே கிராண்ட்மாஸ்டர். குகேஷ் என்ற ஏழு வயதுப் பையன் அந்த வருஷம்தான் காய் நகர்த்தக் கற்றுக்கொண்டிருந்தான். பின்னாளில் ஒரே பள்ளியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட இந்த ஆறு பேரையும் வயது வரிசையில் நிறுத்திப் பாருங்கள். 20, 14, 14, 12, 8, 7. மேலே இருப்பவர் போனால் அடுத்தவர் தயார். எந்த அணியின் பயிற்சியாளரும் இப்படி ஒரு பட்டியலைக் கனவில்தான் பார்த்திருப்பார்.

இதை அமெரிக்கக் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அங்கே சில பல்கலைக்கழகங்கள் கால்பந்துக்கு ஆள் எடுப்பதுபோலவே செஸ்ஸுக்கும் உதவித்தொகை கொடுத்து ஆள் எடுக்கின்றன. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளர் சூசன் போல்கர் 2012-ல் செயின்ட் லூயிஸில் உள்ள வெப்ஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது அவருடைய வீரர்களும் கூடவே கிளம்பிவிட்டார்கள். ஒரு ஆட்டம்கூட ஆடாமலேயே வெப்ஸ்டர் நாட்டின் மிகப் பலமான கல்லூரி அணியானது. 2013 முதல் 2017 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து தேசிய இறுதிப் போட்டியை வென்றது. பல நாட்டு கிராண்ட்மாஸ்டர்கள் குவிந்ததால் 'பி' அணியே மற்ற கல்லூரிகளின் முதல் அணியைவிடப் பலமாக இருந்தது. ஆனால் அது பழுத்த பழத்தைக் கடையில் வாங்குவது. முகப்பேரில் நட்டது கன்று.

நட்டது சரி, தண்ணீர் ஊற்றியது யார்? இந்த இடத்தில்தான் வராந்தாவில் சண்டையே வரும். அரவிந்த், பிரக்ஞானந்தா, வைஷாலி ஆகியோரைச் செதுக்கியவர் ஆர்.பி. ரமேஷ். இந்தியன் ஆயில் வேலையை விட்டுவிட்டு, மனைவி ஆர்த்தி ராமசாமியோடு சேர்ந்து செஸ் குருகுலம் நடத்தியவர். குகேஷை 2017-லிருந்து பயிற்றுவித்தவர் விஷ்ணு பிரசன்னா. அவர் பல வருஷம் கம்ப்யூட்டரின் உதவியே இல்லாமல் குகேஷை யோசிக்க வைத்தார். குகேஷின் அப்பா, காது மூக்கு தொண்டை மருத்துவர் ரஜினிகாந்த், மகனோடு பயணம் போவதற்காகத் தன் தொழிலையே ஓரம்கட்டினார். அப்படியானால் பள்ளி கொடுத்தது என்ன? நேரம்! நான்காம் வகுப்புக்குப் பிறகு குகேஷ் முழுநேரம் பள்ளிக்குப் போகவில்லை. ஒரு சராசரி மெட்ரிக் பள்ளியில் இப்படிச் சொல்லிப் பாருங்கள், அடுத்த நாள் டி.சி. கையில் இருக்கும். செஸ் சொல்லிக்கொடுக்க நகரத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். லீவு கொடுக்கத்தான் ஆள் இல்லை. அதைக் கொடுத்ததால்தான் மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்தன. இதைச் சின்ன விஷயம் என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் "எங்கள் பள்ளி உருவாக்கிய சாம்பியன்" என்ற பேனரை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

இதில் எதிர்க்கட்சி வாதமும் இருக்கிறது. மாவட்டத்தின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒரே கேட்டுக்குள் போய்விட்டால், பாரதியார் தினப் போட்டியில் ஆவடி அரசுப் பள்ளிப் பையன் யாரை ஜெயித்து மேலே வருவான்? முதல் சுற்றிலேயே அவனுக்கு எதிரே உலகப் போட்டி ஆடியவன் உட்கார்ந்திருக்கிறான். 2013-ல் தமிழக அரசு ஏழு வயது முதல் பதினேழு வயது வரை என்று பள்ளிகளில் செஸ் திட்டம் கொண்டுவந்தது. பலகை வாங்கிக் கொடுப்பது சுலபம். போட்டி போட்டியாக அலைய ஆகும் செலவும், கூடவே போக ஒரு அப்பாவும் எல்லா வீட்டிலும் கிடைக்காது. உள்ளே போனவர்களிலும் எல்லோரும் குகேஷ் ஆகவில்லை. பத்து வருஷம் லீவு எடுத்து, ரேட்டிங் 2200-ல் நின்று, பிளஸ் டூ பாடத்தைப் புதிதாகத் திறந்த பிள்ளைகளைப் பற்றி எந்தப் பேனரும் சொல்வதில்லை. வராந்தாவில் மட்டும்தான் அவர்களைப் பற்றியும் பேசுவார்கள்.

இந்த வரிசையின் பலம் உலகத்துக்குத் தெரிந்தது 2022-ல், மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில். போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்கு ஓபன் பிரிவில் மூன்று அணிகள் கிடைத்தன. 'பி' அணியின் முதல் போர்டு குகேஷ், மூன்றாவது போர்டு பிரக்ஞானந்தா, பயிற்சியாளர் ரமேஷ். 'சி' அணியில் சேதுராமனும் கார்த்திகேயனும். 'பி' அணிக்குத் தரவரிசையில் 11-வது இடம்தான். அமெரிக்காவை 3-1 என்று தோற்கடித்தது. குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானுடன் ஆடும்போது, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை அப்துசத்தோரோவிடம் குகேஷ் கோட்டைவிட்டார். நாற்காலியிலிருந்து எழ முடியாமல் அவர் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அதே சுற்றில் பிரக்ஞானந்தா சிந்தரோவை வென்று கணக்கை 2-2 ஆக்கினார். மேல் அயனம்பாக்கம் விட்டதைப் பாடி எடுத்துக் கொடுத்தது! 'பி' அணிக்கு வெண்கலம். 'ஏ' அணிக்கு நான்காவது இடம்.

அதன் பிறகுதான் நாற்காலிப் பிரச்சினை கடுமையானது. 2023 அக்டோபரில் கத்தாரில் கார்த்திகேயன் முரளி, கிளாசிக்கல் ஆட்டத்தில் மாக்னஸ் கார்ல்சனையே தோற்கடித்தார். ஆனால் அடுத்த வருஷம் புடாபெஸ்ட் ஒலிம்பியாடுக்குப் போன ஐவரில் அவர் இல்லை. குகேஷ், பிரக்ஞானந்தா, அர்ஜுன், விதித், ஹரிகிருஷ்ணா போனார்கள், தங்கத்தோடு திரும்பினார்கள். வைஷாலி பெண்கள் அணியில் தங்கம். அரவிந்தும் வீட்டில்தான் இருந்தார். 2024 நவம்பரில் அவர் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியை வென்றார். டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5-6.5 என்று வென்று 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன். மூன்று மாதம் கழித்து, பிரக்ஞானந்தாவும் ஆடிய பிராக் மாஸ்டர்ஸ் போட்டியில் முதலிடம் அரவிந்துக்கு.

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நடந்த உலகப் பள்ளி அணிகள் போட்டியில் வேலம்மாள் சாம்பியன் ஆனது. ஆடியவர்கள் முழுக்கப் புதிய பிள்ளைகள். அரவிந்த் இன்னும் ஒரு ஒலிம்பியாட் நாற்காலிக்குக் காத்திருந்த நேரம் அது.