பழைய பிக்கப் பின்னால தொங்குற அந்த இரும்பு கேன்: அழகுக்கா, அவசரத்துக்கா?

கேமரன் மலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். காய்கறிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் முனகியபடி ஏறும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள். பழைய வாகனக் கண்காட்சிகளிலும் இந்த மாதிரி பிக்கப் வண்டிகள் பளபளவென்று நிற்கும்.

அவற்றில் சிலவற்றின் பின்பக்கத்தில் ராணுவப் பச்சை நிறத்தில் ஒரு இரும்பு கேன் தொங்கும். பக்கவாட்டில் பெரிய பெருக்கல் குறி. மேலே மூன்று கைப்பிடிகள்.

அதன் பெயர் ஜெரிக்கேன். அது எங்கிருந்து வந்தது? வண்டியில் எப்படிப் பொருத்துவது? அதில் பெட்ரோல் ஊற்றி எல்லையைத் தாண்டலாமா?

ஜெரிக்கேன்னா என்ன?

20 லிட்டர் எரிபொருள் பிடிக்கும் இரும்புக் கலன். 1930களின் இறுதியில் ஜெர்மானிய ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது.

பிரிட்டிஷ் வீரர்கள் ஜெர்மானியர்களை "ஜெரி" என்று பட்டப்பெயர் வைத்து அழைப்பார்கள். அவர்களிடம் கைப்பற்றிய கேன் என்பதால் "ஜெரிக்கேன்" ஆனது.

அதுல அப்படி என்ன விசேஷம்?

பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு காரணம் உண்டு.

• மூன்று கைப்பிடிகள்: நிரம்பிய கேனை நடுக் கைப்பிடியைப் பிடித்து ஒருவர் தூக்கலாம்; இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்தும் தூக்கலாம். காலி கேன் என்றால் ஒரே கையில் இரண்டு.

• பெருக்கல் குறி: அலங்காரம் இல்லை. தகடு வளையாமல் உறுதி தரும். வெயிலில் உள்ளே அழுத்தம் கூடினால் தகடு சற்று விரிந்துகொடுக்கவும் உதவும்.

• மேல்பகுதியில் காற்றுக்கு இடம்: எரிபொருள் விரிவடைய இடம் கிடைக்கிறது. நிரம்பிய கேன் தண்ணீரில் மிதக்கவும் செய்யும்.

• நெம்புகோல் மூடி: கருவி எதுவும் தேவையில்லை. கையால் திறந்து கையாலேயே இறுக்கிப் பூட்டலாம்.

• காற்றுக் குழாய்: வாய்க்குள் ஒரு சின்னக் குழாய் இருக்கும். ஊற்றும்போது காற்று உள்ளே போவதால் "களக் களக்" என்று தெறிக்காது.

போர்க்களத்தில் அது ஏன் முக்கியமானது?

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படையிடம் இருந்தவை 4 கேலன் தகர டின்கள். அதாவது சுமார் 18 லிட்டர். தகடு மெலிது, ஓரத்தில் ஒட்டு பிரிந்து ஒழுகும். கிடங்கிலிருந்து கிளம்பும் எரிபொருளில் சுமார் 30 விழுக்காடு வழியிலேயே வீணானதாகத் தளபதி ஆகின்லெக் கணித்தார். காலி டின்னை வெட்டி, மணலும் பெட்ரோலும் போட்டு, வீரர்கள் தேநீர் அடுப்பாகப் பயன்படுத்தினார்கள்!

ஜெர்மானியக் கேன் கையில் கிடைத்ததும் அதை விட மனம் வரவில்லை. பிறகு பிரிட்டன் அதை அப்படியே பார்த்துத் தயாரித்தது.

அமெரிக்காவுக்குப் போன கதை இன்னும் சுவாரசியம். 1939இல் பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர் பால் பிளைஸ், ஜெர்மானிய நண்பர் ஒருவருடன் காரிலேயே இந்தியாவுக்குக் கிளம்பினார். அவசரத்துக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ளக் கலன் இல்லை. நண்பர் டெம்பல்ஹோஃப் விமான நிலையக் கிடங்கிலிருந்து மூன்று ஜெரிக்கேன்களை எடுத்துவந்தார். காருக்கு அடியில் பொருத்திக்கொண்டு பயணம் தொடர்ந்தது. அந்தக் கேன்களின் விவரம் பின்னர் பிளைஸ் வழியாக அமெரிக்க ராணுவத்தை எட்டியது.

வண்டியில எப்படி ஏறுச்சு?

போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் எரிபொருள் தொட்டியில் 15 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 57 லிட்டர் பிடிக்கும். பின்பக்கத்தில் ஒரு கேனை மாட்டினால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கும். அதனால் மாற்றுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கேனுக்கென்று ஒரு தாங்கி வந்தது: கீழே தட்டு, பின்னால் தகடு, சுற்றிக் கட்ட நாடா.

போர் முடிந்ததும் உபரிக் கேன்களும் தாங்கிகளும் விற்பனைக்கு வந்தன. பண்ணைக்காரர்களும் நெடும்பயணம் போகிறவர்களும் வாங்கித் தங்கள் பிக்கப்பில் மாட்டினார்கள். பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

அசல் எது, நகல் எது?

கேனின் உடம்பிலேயே அடையாளம் அச்சாகியிருக்கும்.

• ஜெர்மானியக் கேன்: "வெர்மாக்ட்" என்ற சொல், 20 லிட்டர் என்ற அளவு, ஆண்டு. தண்ணீர்க் கேன் என்றால் வெள்ளைச் சிலுவைக் குறி.

• பிரிட்டிஷ் கேன்: அகல அம்புக்குறி, ஆண்டு.

• அமெரிக்கக் கேன்: பெரும்பாலும் திருகு மூடி.

தண்ணீர்க் கேனையும் எரிபொருள் கேனையும் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை பெட்ரோல் பட்ட கேனை எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்கு ஆகாது.

தாங்கியை எங்க பொருத்துறது?

20 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 15 கிலோ. கேனின் எடையையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 20 கிலோ. மேடுபள்ளத்தில் வண்டி குதிக்கும்போது தாங்கியின் மேல் விழும் பாரம் அதைவிடப் பல மடங்கு.

லேண்ட் ரோவரில் இன்னொரு சிக்கல். போருக்குப் பிறகு பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் 1948இல் வந்த முதல் வண்டிகளிலிருந்தே உடற்பகுதி அலுமினியக் கலவைதான். மெல்லிய அலுமினியத்தில் நேராகத் துளையிட்டுத் தாங்கியை முடுக்கினால் நாளடைவில் தகடு கிழியும். எஃகும் அலுமினியமும் ஒட்டி இருந்தால், நம் ஊர் ஈரத்தில் அலுமினியம் அரித்துப் பொடியாகும்.

இதைக் கவனியுங்கள்:

• உட்பக்கம் ஒரு தாங்கு தகடு வைத்துப் பொருத்தவும். முடிந்தால் அடிச்சட்டத்தோடு இணைக்கவும்.

• எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இடையே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தடுப்பு வைக்கவும்.

• புகைக்குழாய்க்குப் பக்கத்தில் வேண்டாம். பின்விளக்கையும் எண் பலகையையும் மறைக்க வேண்டாம்.

• கூரையில் ஏற்றினால் வண்டி கவிழும் ஆபத்து கூடும்.

• வண்டியின் பின்முனையில் மாட்டினால், பின்னால் வரும் வாகனம் மோதும்போது முதல் அடி கேனுக்குத்தான். ஓட்டுநர் அறைக்கு வெளியே, சரக்குத் தொட்டியின் முன்பக்கம், தாழ்வாக நிறுத்திக் கட்டுவது அதைவிடப் பாதுகாப்பு.

உள்ள பெட்ரோல் ஊத்தலாமா?

கண்காட்சிக்கும் படம் எடுக்கவும் என்றால் காலியாகவே இருக்கட்டும். ஆனால் கொஞ்ச நாள் முன்பு வரை பெட்ரோல் இருந்த கேனையும் "காலிதானே" என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே தங்கியிருக்கும் ஆவி தீப்பிடிக்கும். அதில் பற்றவைப்பு வேலை செய்வது உயிருக்கே ஆபத்து.

உண்மையாகவே எரிபொருள் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், 70, 80 ஆண்டு பழைய கேன் வேண்டாம். உள்ளே துரு இருக்கும், ரப்பர் வளையம் வெடித்திருக்கும். அதே வடிவத்தில் இப்போது தயாராகும் தரச்சான்று பெற்ற கேனை வாங்குங்கள்.

விளிம்பு வரை நிரப்பக் கூடாது. வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் கூடினால் 20 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 0.4 லிட்டர் விரியும்.

பிக்கப் ஓட்டுநர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. கேனைச் சரக்குத் தொட்டியில் வைத்தபடியே நிரப்புவது. தொட்டியில் பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால், பெட்ரோல் பாயும்போது உருவாகும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. இரும்பு கேனில் அது சேர்ந்துகொண்டே போகும். ஒரு சின்னப் பொறி போதும். இப்படித் தீ விபத்துகள் நடந்ததால் அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் 1998இல் எச்சரிக்கை வெளியிட்டது.

செய்ய வேண்டியது எளிது. கேனை இறக்கித் தரையில் வையுங்கள். குழாயின் முனை கேனின் வாயைத் தொட்டபடி இருக்கட்டும். மெதுவாக நிரப்புங்கள்.

ஜொகூர்ல நிரப்பிட்டு வரலாமா?

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

• சிங்கப்பூரில் பதிவான பெட்ரோல் கார், தரைவழியாக வெளியேறும்போது தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருள் இருக்க வேண்டும். தவறினால் 500 வெள்ளி வரை அபராதம். கேனில் இருப்பது தொட்டிக் கணக்கில் வராது.

• மலேசியாவில் வெளிநாட்டு வாகனங்களுக்கு ரோன் 95 விற்க 2010 முதல் தடை. அதைக் கேனில் வாங்கவும் சிறப்பு அனுமதி வேண்டும்.

• சிங்கப்பூருக்குள் பெட்ரோலை இறக்குமதி செய்யக் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் தேவை. "ஒரு கேன்தானே" என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள்.

• தாங்கி பொருத்துவதற்கு முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மாற்றியமைப்பு விதிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மொத்தத்தில்...

ராணுவத்துக்காகப் பிறந்த கேன் இது. நம் ஊரில் அடுத்த பெட்ரோல் நிலையம் சில நிமிடத் தூரம்தான். பழைய பிக்கப்பில் மாட்ட ஆசை இருந்தால் தாராளமாக மாட்டுங்கள். சுத்தம் செய்த, காலியான கேனாக இருக்கட்டும். தாங்கி உறுதியாக இருக்கட்டும். வாரயிறுதியில் யாராவது "உள்ளே பெட்ரோல் இருக்கா?" என்று கேட்டால், "இல்ல, ஆனா ஒரு கதை இருக்கு" என்று சொல்லலாம்.