மாயாபுரி சென்ற வண்டிகள்

தலைநகரின் தெருவோரங்களில் ஆண்டுக்கணக்காக அசையாது கிடக்கும் மோட்டார் வண்டிகளை நாம் கண்டிருக்கிறோம். அவற்றுள் பலவும் இறுதியில் சென்றடையும் இடம் மாயாபுரி. கரோல்பாக்கில் குடியேறிய நம் முன்னோர்க்கு அண்மையிலிருந்த மோதியாகானில்தான் முன்னாளில் பழைய இரும்பு வாணிகம் நடைபெற்றது. 1970-களில் அது மாயாபுரிக்குப் பெயர்ந்தது. கதவு வேறு, எஞ்சின் வேறாகப் பிரிக்கும் கைத்திறன் அங்கே வியக்கத்தக்கது. பாதுகாப்போ மிகச் சொற்பம். 2010-இல், தில்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய ஆய்வுக் கருவியொன்றையும் அவ்வாறே உடைத்தனர். உள்ளிருந்த கோபால்ட்-60 கதிர்வீச்சால் தொழிலாளி ஒருவர் மாண்டார். வேறு சிலர் நோயுற்றனர்.

பதினைந்தாண்டு கடந்த வண்டிகளைப் பொதுவிடத்தில் நிறுத்தவும் ஆகாதெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் ஆணையிட்டது. டீசல் வண்டிகளுக்கு மறு ஆண்டே வரம்பு பத்தாண்டாயிற்று. 2018-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. விளைவு யாது? கைவிட்டவர் வண்டியோடு, தந்தையின் நினைவாகப் பேணியவர் வண்டியும் இழுத்துச் செல்லப்படும் நிலை வந்தது. இது நமக்கு முறையாகத் தோன்றவில்லை. தனியிடத்தில் நிறுத்துவதாகவோ, தில்லிக்கு வெளியே கொண்டுசெல்வதாகவோ உறுதியளிப்போர்க்கு வண்டியைத் திருப்பித் தருமாறு 2023 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் பணித்தது.