கொங்கணரும் கல்கத்தா பேராசிரியரும்

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் இருக்கிறது ஊதியூர் மலை. கொங்கணச் சித்தர் இங்கே உலை மூட்டிப் பொன் செய்தார் என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். செய்தாரா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. படித்த விஞ்ஞானி எவராவது ரசவாதத்தைப் பொருட்படுத்தியதுண்டா என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

நியூட்டனே இருக்கிறார். 1936-ல் லண்டனில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் ஏலத்துக்கு வந்தன. ரசவாதத்தைப் பற்றி மட்டும் அவர் எழுதிக் குவித்தது ஏறக்குறைய பத்து லட்சம் சொற்கள்.

நம் நாட்டில் பிரபுல்ல சந்திர ராய். எடின்பரோவில் 1887-ல் டாக்டர் பட்டம் வாங்கி, கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் போதித்தவர். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் பாதரசத்தைப் போட்டு மெர்குரஸ் நைட்ரேட் தயாரிக்கப் போனார். படிந்ததோ மஞ்சள் படிகம். அதுதான் 1896-ல் அவர் உலகுக்கு அறிவித்த மெர்குரஸ் நைட்ரைட்.

பாதரசம் அதோடு அவரை விடவில்லை. கிரேக்க ரசவாதத்தை ஆராய்ந்த பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தெலோவோடு கடிதத் தொடர்பு ஏற்பட, ராய் பழைய ரச நூல்களின் ஏடுகளைத் தேடி இறங்கிவிட்டார். 'இந்து வேதியியல் வரலாறு' 1902-லும் 1909-லும் இரண்டு பாகங்களாக வந்தது. சிவன் பார்வதிக்குச் சொல்வதாக அமைந்த ரசார்ணவத்தில் அவர் கண் எங்கே போய் நின்றது தெரியுமா? செம்பு எரிந்தால் நீலச் சுடர், வெள்ளீயம் என்றால் புறா நிறம், காரீயம் வெளிர் நிறம் என்று சொல்லும் இடத்தில்! பொன் ஆசையில் அடுப்படியே கிடந்தவன் கண் கூர்மையாகத்தானே இருக்கும். ஆனால் ராய் பெரும்பாலும் வடமொழி ஏடுகளோடு நின்றுவிட்டார். கொங்கணரின் ஊர்க்காரனாக எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்தியாவில் அறிவியல் ஏன் தேய்ந்தது என்பதற்கும் ராய் ஒரு காரணம் சொன்னார். சாதி இறுகியபோது கைத்தொழில் ஒரு பக்கமும் படிப்பு இன்னொரு பக்கமும் பிரிந்து போயின. உலையில் வெந்தவனுக்கு ஏடு இல்லை, ஏடு வைத்திருந்தவன் உலைப் பக்கம் வரவில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். வேதாந்தத்தின் மாயாவாதத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரைக் கொடுமணலுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய ஊர். அகழ்வாய்வில் உலைகளும் மூசைத் துண்டுகளும் கிடைத்தன. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. எழுதத் தெரியாத ஊர் இல்லை அது. ஓடுகளில் இருப்பவை பெரும்பாலும் ஆட்பெயர்கள். எந்த மண்ணில் மூசை பிடித்தார்கள், உலையை எத்தனை நாழிகை ஊதினார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை.