102 நாள் வாத்தியார்

இன்னைக்கு எபிசோடை என் சொந்தக் கதையில இருந்து ஆரம்பிக்கிறேன்.

பி.எட். முடிச்ச கையோட தட்டாஞ்சாவடி பக்கம் ஒரு பள்ளியில வேலை கிடைச்சுது. தொழிற்பேட்டைக்குப் போற லாரிச் சத்தத்துக்கு நடுவுல ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கணும். "மெட்டர்னிட்டி லீவ் வேகன்சி மா, மிஸ் வந்ததும் முடிஞ்சிடும்"னு முதல் நாளே சொல்லிட்டாங்க. 26 வாரம். மேசை அவங்களோடது, டைம்டேபிள்ல பேரும் அவங்களோடது. முதல் வாரம் பூரா பசங்க "எங்க மிஸ் எப்போ வருவாங்க மிஸ்?"னு என்கிட்டயே கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டே பதில் சொன்னாலும் உள்ளுக்குள்ள வலிச்சுது.

அந்தச் சமயத்துலதான், இதே மாதிரி இன்னொருத்தர் இடத்துல போய் நின்ன ஒரு தமிழ் வாத்தியாரைப் பத்தி படிச்சேன். அவர் பேரு சி. சுப்பிரமணிய பாரதி.

1904. பாரதிக்கு வயசு 21. காசியில இருந்து திரும்பி, எட்டயபுரம் சமஸ்தானத்துல வேலை பார்த்து, அதையும் விட்டு வெளியே வந்திருந்த நேரம். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில அரசன் சண்முகனார் என்ற பெரிய புலவர் தமிழாசிரியரா இருந்தார். அவர் விடுப்புல போக, அந்த இடத்துக்குத் தற்காலிகமா வந்தவர்தான் பாரதி. சம்பளம் மாசம் பதினேழரை ரூபாய். ஆகஸ்ட் 1 முதல் நவம்பர் 10 வரை. எண்ணிப் பார்த்தா 102 நாள். அவ்வளவுதான் அந்தப் பள்ளியில பாரதியோட வாத்தியார் வாழ்க்கை. அதே நவம்பர்ல ஜி. சுப்பிரமணிய ஐயர் கூப்பிட, சென்னைக்குப் போய் சுதேசமித்திரன்ல சேர்ந்துட்டார். நாலு வருஷம் கழிச்சு, 1908-ல, நம்ம புதுச்சேரிக்கு வந்தார்.

இங்கே அவருக்குக் கிடைச்ச சீடர் கனக சுப்புரத்தினம். பாரதிதாசன்னு சொன்னா உங்களுக்குத் தெரியும். அவரும் தமிழ் வாத்தியார்தான். ஆனா வேற மாதிரி வாத்தியார். 1909-ல, 18 வயசுல, காரைக்கால் பக்கம் நிரவியில அரசுப் பள்ளியில சேர்ந்தார். 1946-ல ஓய்வு பெற்றார். 37 வருஷம்! கவிதை, நாடகம், அரசியல்னு அவர் இறங்காத களம் இல்ல. ஆனா மாசம் பிறந்தா சம்பளம் வரும்ங்கிற தரை காலுக்குக் கீழே இருந்துச்சு. குருவுக்கு அந்தத் தரை கடைசி வரைக்கும் சரியா அமையல.

இந்த ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சா, "தற்காலிகம் கெட்டது, நிரந்தரம் நல்லது"ன்னு முடிச்சிடத் தோணும். எனக்கு அப்படித் தோணல. பாரதி பார்த்தது நேர்மையான லீவ் வேகன்சி. லீவுல போனவர் யாருன்னு தெரியும். ஏன் தற்காலிகம்னும் தெரியும். ஆஸ்திரேலியாவுல 'கேஷுவல் ரிலீஃப் டீச்சர்'னு சொல்றதும், இங்கிலாந்துல 'சப்ளை டீச்சர்'னு சொல்றதும் அடிப்படையில இதுதான். புதுசா வர்ற ஒருத்தருக்கு வகுப்பறையைப் பழகிக்க அதைவிட நல்ல வாசல் இல்ல.

நம்ம ஊர்ல 'தற்காலிகம்'ங்கிற அதே சொல்லை வேற ஒண்ணுக்கும் வச்சிருக்கோம். 2012-ல தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க. ஓவியம், உடற்கல்வி, கணினி மாதிரிப் பாடங்கள். வாரத்துல மூணு அரை நாள், மாசம் 5,000 ரூபாய். பத்து வருஷம் தாண்டியும் பணி நிரந்தரம் கேட்டு அவங்க போராட வேண்டியிருந்துச்சு. இவங்க யாரோட லீவுக்காக வந்தாங்க? யாரும் லீவுல இல்ல. ஓவிய வகுப்பு வருஷா வருஷம் நடக்குது. வேலை நிரந்தரம், ஆள்தான் தற்காலிகம்.

சட்டம் என்ன சொல்லுது? 2006-ல உமாதேவி வழக்குல உச்ச நீதிமன்றத்தோட அரசியல் சாசன அமர்வு ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. ரொம்ப வருஷம் வேலை பார்த்தேன் என்பதை மட்டும் வச்சு அரசு வேலையில நிரந்தரம் கேட்க உரிமை கிடையாது. 2016-ல ஜக்ஜீத் சிங் வழக்குல, ஒரே வேலையைச் செய்ற தற்காலிக ஊழியருக்கும் சம ஊதியம் என்ற கொள்கை பொருந்தும்னு சொன்னாங்க. ஆக, இருக்கை கேட்க முடியாட்டியும் கூலியைக் கேட்கலாம்.

என் கதைக்கு வர்றேன். 26 வாரம் முடிஞ்சுது, மிஸ் வந்தாங்க. தன் குழந்தை போட்டோவைக் காட்டி, "பசங்களை நல்லா பார்த்துக்கிட்டீங்க"ன்னு சொன்னாங்க. சந்தோஷமாவே வெளியே வந்தேன்.

அடுத்த வேலைக்கு இன்டர்வியூ போனேன், வேற ஒரு பள்ளி. "டெம்பரரிதான் மா"ன்னாங்க. "யாரு சார் லீவுல இருக்காங்க?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்ல. அப்புறம், "அப்படி யாரும் இல்ல மா, எல்லாருக்கும் இப்படித்தான்"னார்.

வீட்டு வாடகை இருந்துச்சு, சேர்ந்துட்டேன். நாலு வருஷம் ஆகுது. இன்னும் டெம்பரரிதான்.

அதனால, இந்த வேலைக்கு வர்ற தம்பி தங்கைகளுக்கு ரெண்டே விஷயம் சொல்றேன். சேர்ற தேதியும் முடியுற தேதியும் போட்ட ஆர்டரைக் கையில வாங்கிக்கோங்க. பாரதி வேலை பார்த்த 102 நாள், தேதியோட இன்னைக்கும் பேசப்படுது. உங்க நாட்களும் காகிதத்துல இருக்கட்டும். அப்புறம், "தற்காலிகம்"னு சொன்னா தயங்காம கேளுங்க: யாரு லீவுல இருக்காங்க?